எந்த வில்லையில் தெளிவு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பேருந்து போகும்போதெல்லாம்
அலமாரிக் கண்ணாடிகள் சன்னமாய் நடுங்கும்
கடை என்னுடையது.
ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும்.
ஒன்பதரைக்கு நான் ஷட்டரைத் தூக்குவேன்.
இடையிலுள்ள பதினைந்து நிமிடத்தை
வெட்டுமணி நிறுத்தத்தில் நின்றபடியே
போனில் பார்த்து முடித்திருப்பேன்.

சிவப்பு மெழுகுவர்த்தி, பச்சை மெழுகுவர்த்தி.
கல்லறைத் திருநாளுக்கு
டஜன் கணக்கில் வாங்குவோமே, அதல்ல.
இதற்கு அடியிலும் திரி உண்டு.

முதல் ஆள் கிறிஸ்துதாஸ்,
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கிறவர்.
சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி
வில்லையை மாற்றி மாற்றிப் போடுகிறேன்.
"இதுல தெளிவா?"
"கொள்ளாம்."
"இதுலயா?"
"இதும் கொள்ளாம்."
"ரெண்டுல எது?"
"நீ கடேசியா எதப் போடுதியோ
அதாக்கும் நல்லாத் தெரியுது மக்ளே."

மேசைமேல் போன்.
ஐந்து நிமிடப் படத்தில் டயர் கம்பெனிப் பங்கு
சரிந்துகொண்டிருக்கிறது.
பதினைந்து நிமிடப் படத்தில் மூச்சு வாங்குகிறது.
நாள் படத்தில் ஏறுமுகம்.
வாரப் படத்தில்
மூன்று மாதமாய் எங்கும் போகவேயில்லை.
ஒரே பங்கு, ஒரே காலை.
விரலால் வில்லையை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

"ரெண்டு நாளா மழை, பால்வெட்டு கிடையாது,
ஷீட்டுக்கு வெல ஏறும்" என்றார் எழும்போது.
பவர் எழுதிக்கொண்டிருந்தேன்,
ஒன்று புள்ளி ஏழு ஐந்து.
காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு.
மூன்று முறை அங்கே கால்வைத்துத்
திரும்பியிருந்தது விலை.
ஆதரவு நிலை என்பார்கள்.
அதற்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு என்று
முந்தின இரவே எழுதிவைத்துவிட்டுத் தூங்கியிருந்தேன்.
யார் யாரை ஆதரிக்கிறார்கள் என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அடுத்து அருமனை சுகுமாரன், லாரி டிரைவர்.
லைசென்ஸ் புதுப்பிக்கச் சான்று வேண்டும்.
நான் டாக்டர் இல்லை என்றால் கேட்பதில்லை,
"டாக்டரம்மா, பாத்துத் தாருங்க."
பலகை விளக்கின் சுவிட்சில் கை வைக்குமுன்பே
"ட ப ம, ல க ய ந" என்று
கடைசி வரிவரை ஒப்பித்துவிட்டார்.
பெஞ்சில் காத்திருந்த அரைமணி நேரத்தில்
மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு.
இருட்டில் ஒரு வெள்ளைப் பலகை.
இரண்டுபேரும் சிரித்துவிட்டோம்.

போன் சிரித்ததுபோல் ஒரு சத்தம்.
பதினொன்று நாற்பது.
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்பதில்
அறுபது பங்கும் போய்விட்டன.
மழையாலா? தெரியாது.
என்னைப்போல் நாற்பத்திரண்டில் வேலி கட்டிய
அத்தனைபேரையும்
யாரோ எண்ணிப் பார்த்திருப்பார்களா?
அதுவும் தெரியாது.

மூன்றரைக்கு மணி அடித்தபோது
விலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று.
நான் வாங்கியதைவிடப் பதினோரு ரூபாய் மேலே.
நாளின் மெழுகுவர்த்தி கொழுத்த பச்சை.
அடியில் ஒரு நூல் தொங்குகிறது,
தலைமுடி கனம்கூட இல்லை.
அதன் நுனியில் நான் இருக்கிறேன்,
நாலாயிரத்து இருநூற்று அறுபது ரூபாயோடு.
இரண்டு ஜோடி புரோகிரசிவ் விற்றால் கிடைக்கிற லாபம்.
நாளைக்குப் படம் பார்க்கிற யாரோ
அந்த நூலைக் காட்டிச் சொல்வார்கள்:
"பாருங்க, எவ்வளவு அழகா ஆதரவு எடுத்திருக்கு."

எட்டு மணி. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
திங்களூர்ச் சந்தைக்குப் போன லாரி ஒன்று
மேலே பாலத்தில் வெறுமையாய்த் திரும்புகிறது.
கண் எரிகிறது. நாளெல்லாம் சின்னத் திரை.
எனக்கே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று
நாற்காலியில் உட்கார்ந்து
இடது கண்ணை உள்ளங்கையால் மூடுகிறேன்.
ஒன்பது வருடமாய் இதே பலகை.
ட ப ம,
ல க ய ந.
வாய் சொல்லி முடித்துவிட்டது.
கண் இன்னும் வந்து சேரவில்லை.