அட்வான்ஸ்

மூணு மாசம் டைம் என்றார் செங்கோட்டுவேலு.
பெங்களூரிலிருந்து மகன் குடிவருகிறானாம்.
வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார்:
"கறைக்கெல்லாம் அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேனுங்க."

அன்று சாயங்காலமே
பழைய பஸ் ஸ்டாண்ட் ஜூஸ் கடையில்
ஒரு பை ஆரஞ்சுத் தோல் கேட்டு வாங்கினேன்.
ஏற்காட்டுப் பழமா?
"நாக்பூருங்க. போர்டுலதான் ஏற்காடு."

ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல்,
பத்துப் பங்கு தண்ணீர்.
எண்ணெய் கேனில் முக்கால் மட்டும்;
மேலே காற்றுக்கு இடம்.
தொண்ணூறு நாள் ஊற வேண்டும்.
தேதி எழுதி ஒட்டியபோதுதான் கவனித்தேன்,
அவர் சொன்ன கெடுவும் அதே தேதி.

தினம் ஒருமுறை மூடியைத் திருகிவிட வேண்டும்.
புஸ்.
மறந்தால் வெடிக்கும்.
முதல் மாதம் என்னைவிட அதற்குத்தான் கோபம் அதிகம்.

மேட்டூர்த் தண்ணீர் வராத நாளெல்லாம் போர்த் தண்ணீர்.
குழாய்களுக்குச் சுண்ணாம்பேறி மூக்கடைத்திருந்தது.
பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து
பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன்.
இரவு முழுக்க நான்கு குழாயும்
கட்டுப்போட்ட விரல்களாய் நின்றன.
காலையில் அதில் என் முகம்,
கோணலாக, மூக்கு மட்டும் பெரிசாக.

எதிர்வீட்டு மல்லேஸ்வரி
கொலுசுப் பட்டறைக்குப் போகிறவள்.
ஒரு கை பூந்திக்கொட்டை கொடுத்தாள்.
"வெள்ளியே இதுல பல்லைக் காட்டும்,
உன் ஜன்னல் கம்பி எம்மாத்திரம்?"
கொதிக்கவைத்துப் பிசைந்தேன்.
முழங்கை வரை நுரை.
கண்ணில் தெறித்து அரைமணி நேரம் தண்ணீர்.
பார்த்தவர்கள் வீட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

போன வருஷம் இதே தரையை
ஆசிட் ஊற்றிக் கழுவித்தான் கை வெடித்தது.
விளக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி
மாத்திரை டப்பாவில் ஊற்றி வைத்திருக்கிறேன்.
இரவில் தடவிக்கொண்டு
எதையும் தொடாமல் படுத்திருப்பேன்.

எறும்புகளை ஒன்றும் செய்யவில்லை.
அதுகளுக்கும் நோட்டீஸ்தானே.

கடைசியாக டிவிக்கு எதிர்ச் சுவர்.
லாரியிலிருந்து இறங்கி வரும் நாளெல்லாம்
இவர் சாய்ந்துகொள்ளும் இடம்.
ஏழு வருஷத் தேங்காய் எண்ணெய்,
தோசை அகலத்துக்கு வட்டம்.
கோதுமை மாவில் சோடா உப்பைக் குழைத்து அப்பினேன்.
காய்ந்தது, உதிர்ந்தது,
மறுபடி அப்பினேன்.
நாலாம் நாள் சுவர் வெறும் சுவர்.
அன்று போன் வந்தது;
நாக்பூர் லோடு, ஏதோ டோல்கேட் இரைச்சல்.
உங்க தலையை எடுத்துட்டேன் என்றேன்.
"என்னது?"
ஒண்ணுமில்ல, சாப்பிட்டீங்களா?

தொண்ணூறாம் நாள் செங்கோட்டுவேலு வந்தார்,
கூடவே ஒரு புரோக்கர், ஒரு இளம் ஜோடி.
"பாருங்க, புது வீடாட்டம். எட்டுக்குக் குறையாது."
நாங்கள் ஆறு கொடுத்தோம்.
மகன் வர்றதாச் சொன்னீங்களே?
"அவனுக்கு லீவு கிடைக்கலீங்க."
வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை பிடித்துக்கொண்டு
மீதியை எண்ணினார்.
கறை எங்கே இருக்கு என்றேன்.
"கறைக்கு இல்லீங்க. அது வழக்கம்."

தாதகாப்பட்டிக்கு டெம்போவில்
கேன் என் மடியில் வந்தது.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் உள்ளே தோல் புரண்டது.
வடிகட்டியபோது தேன் நிறம்,
புளிப்புக்குள் எங்கோ பழம்.
ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி.
சமையல் மேடை, ஷெல்ஃபு, தரை.

புது வீட்டுக் கூடத்துச் சுவரிலும்
ஒரு எண்ணெய் வட்டம்.
துணியைப் பிழிந்துகொண்டு போனவள்
முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பார்த்தேன்.

யாரோ,
என்னைவிட நாலு விரல் உயரம்.