தண்ணீர் இறக்கிய நாள்

லிஃப்ட்டுக்குள் அது போகவில்லை.
நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம்,
கதவு மூன்று முறை எங்களைக் கடிக்க வந்தது.
பாயா தெருபோங், பதினான்காம் மாடி.
"படிதான்" என்றான் ஃபைசால்.
இன்னாசி ஒன்றும் சொல்லாமல் சட்டையைக் கழற்றினார்.

வீடு மாற்றுகிறவர்களுக்கு லோரி ஓட்டுகிறவன் நான்.
அலமாரி, குளிர்பெட்டி, மெத்தை, ஒருதரம் பியானோ.
எதற்கும் ஒரு பிடி இருக்கும், ஒரு முதுகு இருக்கும்.
இதற்கு எது முன்பக்கம் என்றே தெரியவில்லை.
செம்புக் குழாய்கள்; எல்லாம் எங்கோ வெடித்தவை.
பிளந்து, தட்டி,
ஒன்றன் தோளில் ஒன்றாகப் பற்றவைத்து,
தொண்ணூற்று நான்கு கிலோ
எங்கேயோ போகிற அவசரத்தில் நின்றிருந்தது.

பன்னிரண்டாம் மாடியில் மூச்சு வாங்கும்போது
கதை கேட்டோம்.

தண்ணீர் இலாகாவில் வேலை.
நடுராத்திரிக்கு மேல், ஊர் குழாய்களை மூடிய பிறகு,
தெருவில் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி
மறுமுனையில் காதை வைப்பார்.
தாருக்கு அடியில் எங்கே ஒழுகுகிறது
என்று சொல்ல வேண்டும்.
இருபத்திரண்டு வருஷம்.
சின்ன ஓட்டை விசிலடிக்குமாம்.
பெரியது முனகுமாம், நம்பக்கூடாதாம்.
"கொஞ்சம் பொறுத்துக் கேட்டால்
அது திரும்புகிற இடம் முழங்காலில் தெரியும்" என்றார்.
தண்ணீருக்கு உருவமில்லை என்பது
குழாய்க்கு வெளியே நிற்கிறவர்கள் பேச்சாம்.

முதலில் செய்ததெல்லாம் பாம்பாகவே வந்திருக்கிறது.
தாழ்வாரத்தில் வைத்த ஒன்றுக்கு
எதிர்வீட்டு ஆ சோ ஊதுபத்தி ஏற்றிவிட்டாள்.
எடுக்க மனசு வரவில்லை, அவளிடமே விட்டுவிட்டார்.
பிறகு சமையல்கட்டில் குழாயைத் திறந்து
கரண்டியின் முதுகை அதற்குக் காட்டியபடி
மணிக்கணக்காக நின்றிருக்கிறார்.
பில்லை ஆட்டிக்கொண்டு மனைவி கேட்டாளாம்:
ஒழுகலை நிறுத்தச் சம்பளம் வாங்குகிற ஆளா இது?

ஒன்பதாம் மாடியில் என் தோள் மரத்தது.
அப்போதுதான் கவனித்தேன்,
"இடது", "வலது" என்று கத்துவதை
எப்போதோ விட்டிருந்தோம்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
மேலே இருக்கிற இருவர் அகல
கீழே இருக்கிற இருவர் ஒடுங்க
அது தானாகச் சாய்ந்து
கைப்பிடியை உரசி
வளைந்து
அடுத்த படிக்குப் போனது.
எட்டுக் கால்கள், ஒரே இறக்கம்.
ஏழாம் மாடியில் ஒரு சிறுவன்
சைக்கிளோடு சுவரில் ஒட்டிக்கொண்டு வழிவிட்டான்,
மழைநாளில் கால்வாய் ஓரம் ஒதுங்குவதுபோல.

அடியில் இருந்தார் இன்னாசி.
பின்னோக்கி இறங்கியபடி
அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்.
தான் செய்தது ஓடுவதை
இன்றைக்குத்தான் பார்க்கிறார் என்று பட்டது.
நாலாம் மாடியில் "நில்லுங்கள்" என்றார்.
கையா, இடுப்பா என்று கேட்டோம்.
இல்லையாம்.
எங்கே திரும்பவும் மேலே ஏற்றச் சொல்வாரோ
என்று பயந்துவிட்டேன்.
சொல்லவில்லை. ஆ செங் மட்டும்
கெட்ட வார்த்தை ஒன்றை மெதுவாக முடித்தான்.

லெபோ பந்தாயில் ஒரு குளிரூட்டிய அறை.
வெள்ளைப் பீடத்தில் நிறுத்தினோம்.
அங்கே அது மறுபடி செம்பு.
"தொடாதீர்கள்" என்று மூன்று மொழியில் அட்டை வைத்தார்கள்,
எங்கள் வியர்வை இன்னும் அதில் காயாமலிருக்க.
கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண்
எந்தக் கல்லூரி என்று கேட்டாள்.
"ஜாலான் மஸ்ஜித் நெகிரி, இரவு ரெண்டு மணி" என்றார்.
அவள் அதை எழுதிக்கொண்டாள்.

கூலி இருநூற்றெண்பது வெள்ளி.
ரசீதில் 'பொருள்' என்ற இடத்தில் பேனா நின்றது.
சிலை என்று போடலாம்.
சிலை என்றால் நிற்குமே.
தண்ணீர் என்று எழுதினேன்.
எண்ணிக்கை: 1.

இன்னாசி பேனாவை வாங்கி
அந்த ஒன்றை மட்டும் அடித்தார்.
பணத்தை இரண்டு முறை எண்ணித் தந்தார்.