சொட்டு

மெர்த்தரில் மூன்று நாளாக மழை.
கராஜில் ஐம்பத்தெட்டாம் வருடத்து பி.எஸ்.ஏ.
வயிற்றடியில் விரித்த அட்டையில்
நேற்றைவிடப் பெரிய கறுப்பு வட்டம்.

போன வாரம் கேஸ்கெட் மாற்றினாள் நெரிஸ்.
அதற்கு முந்தின வாரமும்.
கசியும் இடம் ஒன்று, சொட்டும் இடம் ஒன்று;
ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னுக்கு இழுத்து
ஒன்றும் அறியாத ஒரு போல்ட்டின் மேல்
பழியைப் போட்டுவிடுகிறது.

பெட்ரோலில் கழுவித் துடைத்து
எஞ்சின் முழுக்கப் பிள்ளைப் பவுடர் தூவினாள்.
"பவுடர் டப்பா எங்கே?"
மாடியிலிருந்து இத்வால்.
பதிலுக்குக் கிக்கரை உதைத்தாள்.

மழை விட்ட நேரம் பார்த்துப்
பாலம்வரை போய்த் திரும்பினால்
வெள்ளையில் நாலு ஈரக்கோடு.
நாலு!
ஸ்பேனரை வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான்
மூச்சுக்குழாய் ஞாபகம் வந்தது.
கழற்றி ஊதினாள். போகவில்லை.
கம்பி விட்டுக் குடைய
பொலபொலவென்று குளவி மண்,
உள்ளே காய்ந்த ஒரு புழு.

மூச்சு விட வழியில்லாமல்
கிடைத்த சந்திலெல்லாம் வியர்த்திருக்கிறது.

இன்று காலை புது அட்டை.
மிளகளவு ஒரு சொட்டு.
"நிற்கவில்லையா?" என்கிறான்
தோளில் தூங்கும் பிள்ளையோடு.

"இதுவும் நின்றால்
உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று அர்த்தம்.
டப்பா அலமாரியில் இருக்கிறது.
கை கழுவிவிட்டு எடு, என் விரல் பட்டிருக்கும்."