திரையின் கீழ் மூலை

வில்லன் சுருட்டுப் பற்றவைத்தபோது
கீழ் மூலையில் வெள்ளை எழுத்து வந்தது:
புகை உயிரைக் குடிக்கும்.
புட்டியைத் திறந்தபோது இன்னொன்று.
பெயர் ஓடும்போதே சொல்லியிருந்தார்கள்,
அந்தக் காளை கணினியில் செய்த காளை,
எந்த உயிருக்கும் ஊறில்லை என்று.

பிறகு கிடங்குச் சண்டை.
ஒவ்வொரு குத்துக்கும் ஒரு மின்னல்.
வெள்ளை கறுப்பு வெள்ளை கறுப்பு
விசில் வெள்ளை
கறுப்பு வெள்

அதற்குமேல் என்னிடம் படம் இல்லை.

வின்னிபெக்கில் மாதம் ஒரு தமிழ்ப்படம்தான்.
ரூபகாந்தன் அண்ணை தியேட்டரை வாடகைக்கு எடுப்பார்,
அவரே டிக்கெட் கிழிப்பார், அவரே ரோல்ஸ் விற்பார்.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
உள்ளே நான்
எட்டாம் வரிசைக்கும் ஒன்பதாம் வரிசைக்கும் நடுவே
சிந்திய பாப்கார்னில் கிடந்து உதறினேனாம்.
இரும்பு, இரும்பு என்று யாரோ கத்த
நாலு பேர் கார்ச் சாவியை என் கையில் திணித்தார்களாம்.
எல்லாம் பொத்தான் வைத்த பிளாஸ்டிக் சாவி.
என் விரல்கள் இறுக இறுக
வாகனத் தரிப்பிடத்தில், பனிக்குள்,
நாலு கார்களும் விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி
ஓலமிட்டனவாம்.

படத்தை யாரும் நிறுத்தவில்லை.

டாக்டர் ஒரு தாள் அனுப்பினார். லைசென்ஸ் போயிற்று.
அதோடு மஞ்சள் பள்ளி பஸ்,
முப்பத்திரண்டு பிள்ளைகள்,
கண்ணாடியில் மூச்சுவிட்டுப் பூனை கீறும் டெவின்.

"ஒரு வரி போடுங்கோ அண்ணை, டிக்கெட்டிலயாவது."
"படம் விடுறதே நட்டம், தங்கச்சி.
பளிச் பளிச்செண்டு வருமெண்டு எழுதினால்
ஆர் வருவினம்?"
பளிச் பளிச்சென்று வருமென்றால்
இன்னும் இருபது பேர் வருவார்கள். அது எனக்கும் தெரியும்.

அன்றிரவு இவர் கேட்டார், சுவரைப் பார்த்தபடி:
"முந்தியும் வந்ததோ?"

பதின்மூன்று வயதில், இரண்டு தரம்.
காக்கா வலிப்பு என்று பெயர் சொல்லவே
அம்மா கதவைச் சாத்தினாள்.
பிறகு வரவில்லை.
பஸ் ஓட்ட விண்ணப்பித்த படிவத்தில்
எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று
ஒரு கட்டம் இருந்தது.
வராததை
வந்ததேயில்லை என்று எழுதினேன்.

இதை ரூபகாந்தன் அண்ணைக்குச் சொல்லவில்லை.
இவருக்கும் பாதிதான் சொன்னேன்.
மீதி இது:

ஜனவரி, பின்னேரம் நாலு மணி,
நகருக்கு வெளியே அளந்து நட்ட பாப்லர் மரங்கள்.
தாழ்ந்த சூரியன் அவற்றின் பின்னால்
பஸ்ஸோடு கூடவே ஓடிவரும்.
வெளிச்சம் நிழல் வெளிச்சம் நிழல் வெளிச்சம்
"மிஸ்," என்றான் டெவின்,
"எங்கட வீடு பின்னால போயிட்டுது."

பனி மறைத்துவிட்டது என்றேன்.
பனி பெய்யவில்லை.

மரங்களுக்கு எந்த மூலையில் எழுதுவார்கள், தெரியாது.
எனக்கு எழுத ஒரு கட்டம் இருந்தது.

இந்த மாதப் படத்துக்கு பஸ் மாறி மாறி வந்தேன்.
ரோல்ஸ் மேசையில் ஓர் அட்டை வைத்தேன்,
தடித்த பேனாவால், இரண்டு வரி.
அண்ணை பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை,
கெச்சப் போத்தலை அதன் முன்னால் நகர்த்தினார்.
யாரும் நின்று வாசிக்கவில்லை.
வாசித்தால், வாசித்ததை யாரும் கண்டால்,
கதை வீடு வரைக்கும் வரும்.

விளக்கு அணைந்த பிறகு
நீலக் கோட்டுப் பெண்ணொருத்தி திரும்பி வந்தாள்,
கைக்குட்டை தேடுகிறவளைப் போல.
"எந்த இடத்தில?" என்றாள், அட்டையைப் பாராமல்.

இரண்டாம் பாட்டு முடிய,
லிஃப்ட் கதவு திறக்கும்போது.
கண்ணை மூடினால் மட்டும் காணாது,
இமைக்குள்ளும் வரும்.
ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்துங்கோ,
முகத்தை அங்கால திருப்புங்கோ.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
ஒரு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு
உள்ளே போனாள்.