ஐந்தாண்டு இலக்கு

வங்கிப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம்.
பென்சிலால் எழுதினேன்:
தூக்கம்.

சிப்காட்டில் பதினோரு வருடம் இரவு ஷிஃப்ட்.
விடிந்து வந்து
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டிப் படுப்பேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வாசல் தாண்டப் பழகியிருந்தாள் மகள்.

அதனால் கணக்கைக் கடைசியிலிருந்து போட்டேன்.
பத்துக்கு விளக்கணைய வேண்டும்.
எட்டுக்குச் சாப்பாடு, ஏழுக்கு ஷட்டர்.
அதற்குள் ஒற்றை ஆள்
மூன்று மோட்டாருக்குத்தான் காயில் கட்டலாம்.
நான்காவது
நாளைக்கு.

மஞ்சக்குப்பத்தில் கடை வாடகை ஆறாயிரம்.
செம்புக்கம்பி என்னைக் கேட்டா விலை ஏறுகிறது?
எல்லாம் போக மிஞ்சுவது
பழைய சம்பளத்தைவிட நாலாயிரம் குறைவு.
அந்த நாலாயிரத்தைச் செலவுப் பத்தியில்
'ராத்திரி' என்று எழுதிவைத்தாள் பூவிழி.

மேலாளர் சுகந்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மழைக்காலத்தில் ஊர் மோட்டாரெல்லாம் எரியுமே,
பண்ருட்டியில் ஒரு கிளை போடலாமே?"
எரியும். தெரியும்.
பென்சிலை அழித்து 'விரிவாக்கம்' என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
கடன் வந்தது.

ஐப்பசி. கெடிலம் கரை முட்டிய இரவு,
ஒன்றரைக்கு போன்.
கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீராம், மோட்டார் புகைகிறதாம்,
இரட்டைக் கூலி தருகிறாராம்.
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்,
ஒரு கை சட்டைக்குள்.

"காலையில் முதல் வேலை உங்களுடையதுதான் சார்."

படுத்தேன்.
மூன்று வரை தூக்கம் வரவில்லை.
அவர் வீட்டுத் தண்ணீர்
என் காதுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

ஏழரைக்கு
செருப்பைத் தரையில் தட்டித் தட்டி மாட்டிக்கொண்டு
பள்ளிக்குக் கிளம்பினாள் மகள்.