ஐந்தாம் குரலின் புத்தகம்

லெலியோ மார்ச்சிகானோ பற்றி
எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சம்பளப் பதிவேடு.
வைன் இரண்டு பீப்பாய். மெழுகுதிரி பன்னிரண்டு.
குளிர்காலச் சப்பாத்துக்கு முற்பணம்.
பிறகு ஓர் அபராதம்; காரணம் எழுதப்படவில்லை.
இத்தாலியில் ஏதோவொரு துறைமுகத்தில் பிறந்தவர்,
தகப்பன் உப்பு விற்றவராம்.
நிலாவெளி உப்பளத்தில் வேலை செய்யும் குருஸ்முத்து
அதைக் கேட்டதும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நாங்கள் நால்வர்.
மேல்குரல் மெற்றில்டா, பகலில் தபாற்கந்தோர்.
அடுத்தது நான்,
இழுவைப் படகுகள் போய்வரும் நேரத்தை எழுதுகிறவள்.
குருஸ்முத்து தெனோர்.
பாலையூற்றுப் பெலிக்ஸ் பர்தலோட் அடிக்குரல்;
அலுமாரி செய்யும் கையால் தாளம் போடுவார்,
பிழைத்தால் போர்த்துக்கேயத்தில் ஏசுவார்.
ஏச்சும் எண்களும்தான்
அந்த மொழியில் அவரிடம் மிச்சம்.

அக்காலத்தில் எல்லாக் குரலையும்
ஒரே தாளில் அச்சிடமாட்டார்கள்.
ஆளுக்கொரு புத்தகம்.
பக்கத்தில் நிற்பவன் என்ன பாடப்போகிறான் என்பது
அவன் வாய் திறந்த பிறகுதான் தெரியும்.
மார்ச்சிகானோவின் புலம்பல்கள் ஐந்து புத்தகம்.
பெலிக்ஸின் மருமகள் மெல்பேர்னில் தேடி அனுப்பியது நான்கு.
ஐந்தாவது
எந்த நூலகத்திலும் இல்லை.

ஐந்தாம் குரலுக்கு நிலையான இடம் கிடையாது.
ஒரு பாட்டில் பெண்களோடு நிற்கும்,
அடுத்ததில் ஆண்களோடு.
எந்த வீடு கூப்பிடுகிறதோ அங்கே பாய் விரிக்கும்.
"முகாமில பிறந்த பிள்ளை மாதிரி," என்றாள் மெற்றில்டா.
யாரும் சிரிக்கவில்லை.
அவள் பிறந்தது அங்கேதான்.

ஒவ்வொரு புலம்பலும் ஓர் எபிரேய எழுத்தின் பெயரோடு தொடங்கும்.
ஆலேப்.
பொருள் ஒன்றுமில்லை, வெறும் அரிச்சுவடி.
அதை மட்டும் ஒரு நிமிடம் இழுத்துப் பாடுகிறோம்,
அழுகைக்கு முன் தொண்டை
தன்னைச் சரிசெய்துகொள்வதுபோல.

நாலு பலகை கையில் இருந்தால்
அஞ்சாவதின் அளவு தெரியும் என்றார் பெலிக்ஸ்.
பென்சிலால் எழுதிப் பார்த்தோம்.
கச்சிதமாகப் பொருந்தியது.
அதுதான் பிடிக்கவில்லை.
அழித்துவிட்டோம்.

அம்மாவின் பக்கத்தார் கோணேசரைக் கும்பிடுகிறவர்கள்.
அவர் எந்த ஆண்டு செத்தார் என்று கேட்டாள்.
ஆயிரத்து அறுநூற்று ஒன்பது என்றேன்.
விரல் மடித்துப் பார்த்தாள்.
பதின்மூன்று ஆண்டு கழித்து இங்கே வந்தவர்கள்
மலையுச்சிக் கோயிலை இடித்தார்கள்,
அந்தக் கல்லிலேயே கோட்டை எழுப்பினார்கள்.
வேலை முடிந்த அன்று ஏதாவது பாடியிருப்பார்கள்தானே?
"அவர் அந்தக் கப்பலில் வரேல்லை, அம்மா."
"பாட்டு வந்திருக்குமே."
அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.
இப்போதும் இல்லை.
கோட்டை மான்கள் அந்தக் கல்லில் முதுகு தேய்க்கின்றன.

மூன்றாம் புலம்பலின் நடுவில்
நான்கு புத்தகத்திலும் ஒரே இடத்தில் ஓய்வுக் குறி.
இரண்டு எண்ணிக்கை.
அங்கே ஐந்தாம் குரல் மட்டும்
தனியே ஏதோ சொல்லியிருக்கிறது.
ஒத்திகைகளில் அந்த இடம் வரும்போதெல்லாம்
பாண் விற்கும் ஓட்டோ யன்னலுக்கு வெளியே வரும்,
ஊரறிந்த அந்த ஜெர்மன் மெட்டை
கீச்சுக் குரலில் வாசித்தபடி.
"ஆள் வந்திட்டான்," என்பான் குருஸ்முத்து.
சிரித்து முடிய, மறுபடி ஆலேப்பிலிருந்து.

பெரிய வியாழன் இரவு பாண் ஓட்டோ இல்லை.
வெக்கை. மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள்.
மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துவந்த பெடியன்
மூன்றாம் புலம்பலில்
கையை நீட்டியபடி நின்றுவிட்டான்.
நான்கு வாயும் மூடின.

ஒன்று.
முன்வரிசையில் ஒரு பெண்
மடியிலிருந்த படத்தைத் திருப்பி வைத்தாள்.
கண்ணாடிச் சட்டம் வாங்கில் தட்டிய ஒலி.
இரண்டு.

பெலிக்ஸின் விரல் இறங்கியது.
மூவரும் நுழைந்தார்கள்.
நான் நுழையவில்லை.
காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தேன்,
அரை எண்ணிக்கை பிந்தித்தான்
என் சொல் வந்தது.

பின்னால் பெலிக்ஸ் ஏசவில்லை.
அபராதம் என்றார் போர்த்துக்கேயத்தில்,
ஒரு தொகையும் சொன்னார்.
காரணம் கேட்கவில்லை.