நெஞ்சளவு

வங்கியில் அந்தப் பெண் கேட்டாள், தொழில் என்னவென்று.
மரம் அளப்பது, என்றேன்.
திரையில் அதற்குக் கட்டம் இல்லை.
கீழே இறங்கி இறங்கித் தேடி
கடைசியில் 'இதர' என்பதைத் தட்டினாள்.

பத்தொன்பது வருடம்
பாயான் லெப்பாஸில் எனக்கொரு கட்டம் இருந்தது.
வெள்ளை அங்கிக்குள் கண் மட்டும் நான்.
பூதக்கண்ணாடியின் கீழே பொடிப்பொடியாய்ச் சில்லுகள்.
மயிரிழைக் கீறல் தெரிந்தால் ஒதுக்கு,
தெரியாவிட்டால் அனுப்பு.
வெளியே மழையா என்று
வீட்டுக்குப் போகும் பஸ்ஸின் கண்ணாடியில்தான் பார்ப்பேன்.
ஒருநாள் அந்தக் கண்ணும் போதும் என்றார்கள்.
ஓர் உறை, ஒரு துண்டு கேக்.

இப்போது தெலுக் பஹாங் காட்டுச் சரிவு.
காலை ஏழுக்கு சல்மியா முன்னே, பெங் ஹூய் பின்னே,
நடுவில் நான்:
அளவு நாடா, நோட்டு, அட்டைக்கு உப்புப் பொட்டலம்.
தரையிலிருந்து ஒன்று புள்ளி மூன்று மீட்டரில் சுற்றளவு எடுக்க வேண்டும்.
நெஞ்சளவு உயரம் என்று அதற்குப் பெயர்.
யாருடைய நெஞ்சு என்று முதல் நாளே கேட்டேன்.
சல்மியாவுக்கு அது தாடை,
பெங் ஹூய்க்கு அக்குள்.
பள்ளியில் நெட்டச்சி என்று பெயர் வாங்கிய எனக்குத்தான்
அச்சாக நெஞ்சு.
அன்றே நாடா என் கைக்கு வந்துவிட்டது.

நானூற்றுப் பன்னிரண்டாம் எண், மெராந்தி.
போன வருடத்துக்கு இந்த வருடம் நான்கு மில்லிமீட்டர்.
அதை எழுதத்தான் ஆயிரத்து எழுநூறு வெள்ளி.
இபிஎஃப் உண்டு, சொக்சோ உண்டு,
ஒப்பந்தம் பதினொரு மாதம்.
பன்னிரண்டாவது மாதம்
மரம் என்ன செய்யும் என்று
யாரும் எழுதுவதில்லை.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார்.
மலையின் அந்தப் பக்கம் வெட்டுகிற மண்ணை
நடைக்கு இவ்வளவு என்று கீழே இறக்குகிறார்.
இரண்டு சம்பளமும் ஒரே மலையிலிருந்து வருகிறது.
ராத்திரி வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ்,
ஒரே செம்மண்.
சண்டை போட்டதில்லை.
மகனின் பாலிடெக்னிக் கட்டணம்
எந்தப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தது என்று
அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

நவம்பர் மழையில் அந்தப் பக்கம் சரிந்தது.
பாதை மூடி நான்கு நாள் லாரி படுத்துக் கிடந்தது.
சோற்றில் கை வைத்தபடி அவர் கேட்டார்:
"உன் மரமெல்லாம்?"
இருக்கு, என்றேன்.
"ம்", என்று ரசம் ஊற்றிக்கொண்டார்.
ஐந்தாம் நாள் லாரி கிளம்பியது.

முழுக்க உண்மை சொல்லவில்லை அவரிடம்.
முன்னூற்று எண்பத்தெட்டு விழுந்திருந்தது.
படுத்திருந்தாலும் அளக்க வேண்டும், விதி அது.
முதன்முறையாக உட்கார்ந்து அளந்தேன்.
நோட்டில் தேதி போட்டு, 'இறப்பு' என்று எழுதி,
அலுமினிய வில்லையை ஆணியோடு பிடுங்கிப்
பையில் போட்டுக்கொண்டேன்.
அலுவலகத்தில் திருப்பித் தர வேண்டும்.
இன்னும் தரவில்லை.

விழுந்த இடத்தில் வானம் திறந்து
ஒரு பாய் அளவுக்கு வெயில்.
அதற்குள் என்னவோ முளைத்திருக்கிறது,
மயிரிழை கனத்தில், இரண்டிரண்டு இலையோடு.
பழைய கண், சட்டென்று தெரிந்துவிட்டது.
எத்தனை என்று எண்ணப் பார்த்தேன்.
"அதெல்லாம் கணக்கில் வராது, அக்கா", என்றான் பெங் ஹூய்.
பத்து சென்டிமீட்டர் தடித்தால்தான் எண், வில்லை, வரிசை.
அதுவரைக்கும் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கால் வைக்காமல்
மூன்று பேரும் சுற்றிக்கொண்டு போனோம்.